சேசோன் பீரைச் சுவைத்து ஒப்பிடுவது எப்படி: பாட்டில் தேர்விலிருந்து மறுநாள் காலை வரை

சேசோன் என்று லேபிளில் போட்ட நாலு பாட்டிலை வாங்கித் திறந்தால் நாலும் நாலு விதமாக இருக்கும். ஒன்று வெளிர் மஞ்சளில் மிளகு வாசத்தோடு வரும், இன்னொன்று செம்பழுப்பு நிறத்தில் லேசாக இனிக்கும், மூன்றாவது எலுமிச்சை பிழிந்த மாதிரி புளிக்கும், நான்காவது குதிரை லாயத்தை ஞாபகப்படுத்தும். இதையெல்லாம் எப்படி ஒரே பெயரில் விற்கிறார்கள் என்று முதல்முறை எனக்கு எரிச்சல்தான் வந்தது. நிறத்தையும், பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவையும் வைத்து ஒப்பிட்டுப் பழகியவன் நான், அந்தப் பழக்கம் இங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

சேசோனில் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ஈஸ்ட் என்ன செய்திருக்கிறது? விழுங்கிய பிறகு வாய் எவ்வளவு வறண்டு முடிகிறது? கோதுமை, மசாலா, ஹாப்ஸ், மரப்பீப்பாய் எல்லாமே இந்த இரண்டுக்கும் பிறகு வருபவைதான். கீழே சொல்லப்போகும் முறை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே ஓடும். மது அருந்தும் வயதுடையவர்களுக்கும், அன்றைக்கு வண்டி ஓட்டத் தேவையில்லாதவர்களுக்கும்தான் இது என்பதைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

எதை ருசிக்கப் போகிறோம்

பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதி வலோனியா. அதில் எய்னோ என்றொரு மாகாணம். அங்கிருந்த பண்ணைகளில் குளிர்காலத்தில் காய்ச்சி, கோடையில் வயல்வேலை செய்பவர்களுக்குக் கொடுத்த பீர் இது என்பார்கள். பிரெஞ்சில் சேசோன் என்றால் பருவம். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சிய பீர் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் அந்தப் பழைய பீரும் இன்று நாம் குடிப்பதும் ஒரே சுவை என்று நம்பிவிட வேண்டாம். மிளகு, பழவாசம், வறட்சி, பொங்கும் நுரை என்று இன்று எல்லோர் மனதிலும் இருக்கும் சேசோன் பெரும்பாலும் ஒரே ஒரு பீரைப் பார்த்து உருவானது.

அந்தப் பீர் சேசோன் டூப்போன். எய்னோ மாகாணத்தில் துர்ப் என்ற ஊரில் இருக்கிறது அந்த ஆலை. அது இருக்கும் பண்ணையின் வரலாறு 1759 வரை போகிறது, ஆலை 1920 முதல் டூப்போன் குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஆல்கஹால் 6.5%. அவர்களுடைய ஈஸ்ட் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் நொதிக்கிறது. ஏல் என்ற பீர் வகைக்கான சாதாரண ஈஸ்டை அந்தச் சூட்டில் விட்டால் பெயிண்ட் தின்னர் வாசம் வந்துவிடும், இதற்கோ அந்தச் சூடுதான் தோது.

சேசோன் ஈஸ்டுகளில் பல டயஸ்டாட்டிகஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. மற்ற ஈஸ்டுகள் தொட முடியாமல் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகளை இவை ஒரு நொதியைச் சுரந்து உடைத்துச் சாப்பிட்டுவிடும். அதனால்தான் பீரில் சர்க்கரை ஏறக்குறைய மிஞ்சுவதே இல்லை. பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பி.ஜே.சி.பி. அமைப்பின் வரையறையில் சேசோனின் இறுதி அடர்த்தி, அதாவது நொதித்து முடிந்தபின் பீருக்கு இருக்கும் அடர்த்தி, 1.002 முதல் 1.008 வரை. தண்ணீர் 1.000 என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு குறைவு என்று புரியும். கசப்பு அதற்கான அலகில் 20 முதல் 35 ஐ.பி.யு., ஆல்கஹால் 3.5% இலிருந்து 9.5% வரை, நிறம் வெளிராகவும் இருக்கலாம், அடர்ந்தும் இருக்கலாம். மற்ற அளவுகளெல்லாம் இத்தனை தாராளமாக விரியும்போது இறுதி அடர்த்தி மட்டும் ஒரு குறுகிய இடைவெளிக்குள் நிற்பதைக் கவனியுங்கள்.

ஒரு சொல்லை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் ஒப்பிடும்போது அதிகம் குழம்புவது இதில்தான். வறட்சி என்றால் புளிப்பு இல்லை. வறட்சி என்றால் துவர்ப்பும் இல்லை. விழுங்கியபின் நாக்கில் இனிப்பு தங்காமல் சட்டென்று காலியாவதுதான் வறட்சி. அதிக நேரம் ஊறிய தேநீர் ஈறைப் பிடித்து இழுக்கிறதே, அது துவர்ப்பு. எச்சில் ஊறவைப்பது புளிப்பு. தமிழில் துவர்ப்புக்குத் தனியாக ஒரு சொல் இருப்பது நம் அதிர்ஷ்டம், அதைச் சரியான இடத்தில் பயன்படுத்துங்கள்.

பாட்டில்களைத் தேர்ந்தெடுப்பது

ஒரு அமர்வுக்கு நாலு அல்லது ஐந்து பீர் போதும். ஆறைத் தாண்டினால் நாக்கு மரத்துவிடும், அப்புறம் எழுதுவதெல்லாம் கற்பனை. ஒவ்வொன்றிலும் 75 மில்லி எடுத்தால் ஐந்துக்கு 375 மில்லி ஆகிறது. சராசரி 6.5% என்றால் உடம்புக்குள் போகும் சுத்த ஆல்கஹால் சுமார் 19 கிராம். சின்ன ஊற்று என்று நினைக்கும்போதே இவ்வளவு, அதனால் 150 மில்லியாக ஊற்றிக்கொண்டு ஐந்தையும் ருசிப்பேன் என்று கிளம்ப வேண்டாம். 750 மில்லி பாட்டில்கள் நிறைய வரும் வகை இது, மூன்று நாலு பேர் சேர்ந்து செய்தால் எல்லா வகையிலும் நல்லது.

எல்லா அமர்விலும் ஒரே பீர் ஒன்று அளவுகோலாக இருக்க வேண்டும். நான் டூப்போனை வைத்துக்கொள்கிறேன். அதுதான் உலகிலேயே சிறந்தது என்பதற்காக இல்லை, பல நாடுகளில் கிடைக்கிறது, பெரும்பாலான சேசோன்கள் அதைப் பார்த்து அல்லது அதிலிருந்து விலகிப்போக நினைத்து உருவானவை, அதுதான் காரணம். உங்களுக்கு அது கிடைக்காவிட்டால் அடிக்கடி கிடைக்கும் வேறொரு சேசோனை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்தடுத்த அமர்வுகளில் அதை மாற்றாதீர்கள். அளவுகோல் இல்லாமல் செய்த என் முதல் பத்துப் பதினைந்து குறிப்புகள் இப்போது எதற்கும் பயன்படுவதில்லை. "நல்ல மிளகு" என்று எழுதியிருக்கிறேன். எதைவிட நல்ல மிளகு?

மற்ற பாட்டில்களை ஏதாவது ஒரு கேள்வியை வைத்துப் பொறுக்குங்கள். கையில் அகப்பட்டதையெல்லாம் வரிசையாக வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

முதல் அமர்வுக்கு என் கேள்வி இது: இந்தப் பெயர் எவ்வளவு தூரம் விரிகிறது? டூப்போன் பக்கத்தில் ப்ளோஜீ ஆலையின் சேசோன் தெப்போத்ரை வையுங்கள், 6%, ஸ்பெல்ட் என்ற பழங்கால கோதுமை இனம் சேர்த்தது. அடுத்து சேசோன் சில்லி, 5%, அடர்ந்த நிறம், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) தரும் இனிப்பு தூக்கலாக இருக்கும், அதுவும் எய்னோ மாகாணத்துப் பீர்தான் என்பதுதான் வேடிக்கை. கடைசியில் அமெரிக்காவின் பூல்வார்ட் டேங்க் 7, 8.5%, பம்ப்ளிமாஸ் மாதிரியான ஹாப்ஸ் வாசம். இந்த நாலையும் ஒருமுறை ருசித்துவிட்டால் சேசோன் இப்படித்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்லும் தைரியம் போய்விடும்.

இரண்டாம் அமர்வு ஒரே ஆலைக்குள். டூப்போன், அதன் 5.5% பயோலொஜிக், ஹாப்ஸைக் கொதிக்கவைக்காமல் பிறகு கூடுதலாகச் சேர்த்த டிரை ஹாப்பிங் பதிப்பு, 8.5% முவானெட். அந்த ஆலைக்கே உரிய மணம் ஒன்றாகவே இருக்க, பலமும் ஹாப்ஸும் மாறும்போது வறட்சி எப்படி வேறாகத் தெரிகிறது என்று பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வரிசை இதுதான், ஏனென்றால் வித்தியாசங்கள் சின்னவை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதுபோல நாக்கைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மசாலாவுக்கு ஒரு அமர்வு ஒதுக்கலாம். ஈஸ்ட் தரும் மிளகும் உண்மையான மசாலாவும் வேறு வேறு. பிப்பே என்ற ஊரில் நீராவி இயந்திரத்தால் ஓடும் ஆ வப்பர் ஆலையின் சேசோன் த பிப்பேயில் மசாலா நிஜமாகவே போடுகிறார்கள். அமெரிக்காவின் ஒம்மகாங் ஹென்னப்பினிலும் இஞ்சி, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் உண்டு. இவற்றை டூப்போனோடு வைத்துப் பாருங்கள். ஈஸ்ட் தரும் மிளகு மற்ற வாசங்களோடு கலந்து எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் வரும். போட்ட மசாலா அநேகமாகத் தனியாக மேலே மிதக்கும்.

சேசோன் இல்லாத ஒன்றையும் அவ்வப்போது நடுவில் நுழையுங்கள். எல்லை தாண்டினால் வடக்கு பிரான்ஸில் பியேர் த கார்த் என்ற அண்டைவீட்டு வகை இருக்கிறது, ஜான்லான் ஆம்ப்ரே அதற்கு நல்ல உதாரணம், 7.5%. அதுவும் பண்ணைப் பீர் என்றே பேசப்படுவது, ஆனால் மால்ட் இனிப்பும் மென்மையும்தான் அதன் குணம். டூப்போன் குடித்த வாயோடு அதைக் குடித்தால் வறட்சி என்றால் என்ன என்பதை நான் மேலே இரண்டு பத்தியில் சொன்னதைவிட வேகமாகப் புரிந்துகொள்வீர்கள்.

முந்தைய நாளும் அன்றைய தினமும்

பாட்டில்களை முந்தைய நாளே குளிர்சாதனப் பெட்டியில் நிற்கவைத்துவிடுங்கள். பெரும்பாலான சேசோன்கள் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்தவை, அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும், அது படிய நேரம் வேண்டும். குடிப்பதற்கு 20 நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். 7 அல்லது 8 டிகிரியில் ஆரம்பித்து 12, 13 வரை சூடேறுவதைத் தொடர்ந்து ருசிப்பதுதான் நோக்கம். 4 டிகிரியில் குடித்தால் எல்லா சேசோனும் ஒரே மாதிரி குமிழித்தண்ணீராக இருக்கும்.

கண்ணாடி: டியூலிப் வடிவமோ, காம்பு வைத்த வைன் கிளாஸோ. வாய் கொஞ்சம் குறுகியிருந்தால் வாசம் தங்கும். எல்லாப் பீருக்கும் ஒரே வடிவக் கண்ணாடி என்பதுதான் முக்கியம், வடிவம் மாறினால் வாசம் மாறும், அப்புறம் நீங்கள் ஒப்பிட்டது பீரையா கண்ணாடியையா? எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை செத்துவிடும். ஊற்றியபின் கண்ணாடியின் உள்பக்கத்தில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம், அந்தப் பீரின் நுரையைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

வாசனைத் திரவியம், சமையல் வாடை, சிகரெட், காபி எதுவும் பக்கத்தில் வேண்டாம். இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட் அல்லது வெறும் ரொட்டியும் போதும். சீஸ் வேண்டவே வேண்டாம், கொழுப்பு நாக்கில் படிந்து கசப்பை மழுங்கடிக்கும். ருசித்து முடித்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், சேசோனுக்கும் சீஸுக்கும் நல்ல பொருத்தம்தான்.

மூக்குக்கு ஒரு முன்பயிற்சி கொடுங்கள். சின்னக் கிண்ணங்களில் இடித்த மிளகு, கிராம்பு, எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல், கனிந்த வாழைப்பழம், தேன், காய்ந்த புல், இவற்றை வைத்து ஒரு சுற்று முகர்ந்துவிட்டு உட்காருங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் "என்னமோ ஒரு வாசம், பேர் வரமாட்டேன் என்கிறது" என்று தவிக்கும் நேரத்தை இது பாதியாகக் குறைக்கும்.

வரிசையும் ஊற்றுவதும்

பலம் குறைந்ததிலிருந்து கூடியதற்கு, மசாலா இல்லாததிலிருந்து உள்ளதற்கு, சுத்தமான ஈஸ்டிலிருந்து காட்டு ஈஸ்டுக்கு (குதிரை லாய வாசம் தருவது, கீழே வரும்), புளிப்பு கடைசியில். இரண்டு விதிகள் மோதினால், உதாரணமாக 5% புளிப்பு ஒன்றும் 8.5% சுத்தமானது ஒன்றும் இருந்தால், புளிப்பைத்தான் பின்னால் தள்ள வேண்டும். வாயில் ஆல்கஹாலின் சூடு, தண்ணீர் குடித்தால் ஓரளவு போய்விடும், புளிப்பு அப்படிப் போகாது, அடுத்து வரும் எதையும் இனிப்பாகக் காட்டும். ஒருமுறை ஆர்வக்கோளாறில் புளித்த ஒன்றை முதலில் திறந்துவிட்டு, அடுத்து வந்த டூப்போன் தேன் மாதிரி இருக்கிறது என்று குறிப்பு எழுதிவைத்தவன் நான்.

திறக்கும்போது கவனம். கார்பன் டை ஆக்சைடு அதிகம் உள்ள பீர் இது. கார்க் வைத்த பாட்டிலாக இருந்தால் கம்பியைக் கழற்றியபின் கட்டைவிரலை கார்க் மேலேயே வைத்து, பாட்டிலைத் திருப்புங்கள், கார்க்கைத் திருப்பாதீர்கள், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான அறையில் நாள்கணக்கில் கிடந்த ஒரு பாட்டிலை நான் குளிரவைக்காமல் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். பாதி பீர் மேசை விரிப்பில், கால்வாசி என் சட்டையில். சந்தேகமுள்ள பாட்டிலைக் கழுவுதொட்டி பக்கத்தில் வைத்துத் திறங்கள், பக்கத்தில் ஒரு குடுவையும் இருக்கட்டும்.

கண்ணாடியைச் சாய்த்து மெதுவாக ஆரம்பித்து, பாதியில் நிமிர்த்தி, நுரை எழவிடுங்கள். எல்லாக் கண்ணாடிகளையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டால் வண்டல் கலங்காது. பாட்டிலைச் சாய்த்து நிமிர்த்திச் சாய்த்து நிமிர்த்தி ஊற்றினால் முதல் கண்ணாடிக்குத் தெளிந்ததும் கடைசிக் கண்ணாடிக்குக் கலங்கியதும் போய்ச்சேரும், இருவரும் வேறு வேறு பீரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். வண்டலைக் கடைசியில் தனியாக ஊற்றிப் பாருங்கள், ரொட்டி மாவு வாசமும் வாயில் கொஞ்சம் கனமும் கூடும்.

கண்ணுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். நிறம், கலங்கல், நுரையின் உயரம், அது எவ்வளவு நேரம் நிற்கிறது, குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வலைப்பின்னல் மாதிரி ஒட்டுகிறதா, அவ்வளவுதான். பி.ஜே.சி.பி.யின் 50 மதிப்பெண்ணில் தோற்றத்துக்கு 3 தான், அதுவே சரியான விகிதம் என்பது என் எண்ணமும்.

மூக்கு

ஊற்றியவுடன் முதல் முகர்தல். ஆழமாக இழுக்காதீர்கள், கார்பன் டை ஆக்சைடு மூக்கைச் சுட்டுவிடும். நாய் முகர்கிற மாதிரி சின்னச் சின்னதாக மூன்று இழுப்பு. உடனே மனதில் தோன்றும் முதல் சொல்லை எழுதிவிடுங்கள், சரியா தவறா என்று யோசிக்காமல். பிறகு கண்ணாடியை ஒரு சுழற்று சுழற்றி மறுபடி. முதலில் வந்த தீக்குச்சி உரசிய மாதிரியான கந்தக நெடி சில சேசோன்களில் இரண்டு நிமிடத்தில் காணாமல் போகும், அதை அவசரப்பட்டுக் குறை என்று எழுத வேண்டாம்.

வாசத்தை இரண்டு கூடையாகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம். முதல் கூடை ஃபீனால்: கிராம்பு, மிளகு, சில சமயம் லேசான புகை. மால்ட்டில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் 4-வினைல் குவாயகோல் என்ற பொருளாக மாற்றுவதால் வரும் கிராம்பு வாசம் இதில் பிரதானம். இரண்டாவது கூடை எஸ்டர்: வாழைப்பழம், ஆப்பிள், பேரிக்காய், ஆரஞ்சு, எலுமிச்சை. ஒவ்வொரு பீருக்கும் எந்தக் கூடை கனமானது என்று ஒரு கோடு போட்டு அதில் புள்ளி வையுங்கள். கோதுமைப் பீர்களின் கனத்த வாழைப்பழத்தை சேசோனில் நான் எதிர்பார்ப்பதில்லை, மிளகும் ஆரஞ்சும் சமமாக மல்லுக்கட்டுவதுதான் எனக்குப் பிடித்த நிலை.

மூன்றாவது கூடை ஒன்று உண்டு, எல்லாப் பீரிலும் இருக்காது: ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட், சுருக்கமாக ப்ரெட். குதிரை லாயம், தோல் வார், காய்ந்த வைக்கோல், மோசமாகப் போனால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாசம். இதை அடையாளம் தெரியாமல் சேசோன் ஒப்பீட்டில் இறங்கினால் ப்ரெட்டையே சேசோனின் குணம் என்று நினைத்துவிடுவீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்குச் சிறந்த ஆசிரியர் ஓர்வால். ட்ராப்பிஸ்ட் மடத்துப் பீர், சேசோன் இல்லை, ஆனால் பாட்டிலில் அடைக்கும்போது ப்ரெட் சேர்க்கப்படுகிறது, பாட்டில் தேதியும் லேபிளில் இருக்கும். சில மாதமே ஆன ஒன்றையும் ஒரு வருடத்தைத் தாண்டிய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகருங்கள். புதியதில் ஹாப்ஸ், பழையதில் லாயம். அதன்பிறகு எந்த சேசோனிலும் ப்ரெட் உங்கள் மூக்குக்குத் தப்பாது.

மூக்கு களைத்துவிட்டால் உங்கள் சட்டைக்கையையோ முழங்கை மடிப்பையோ முகருங்கள், பழகிய வாசம் மூக்கைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

வாய்

முதல் மடக்கை ருசிக்காதீர்கள். அது வாயைத் தயார்ப்படுத்த மட்டும். இரண்டாவது மடக்கைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி உருட்டி, விழுங்குங்கள். துப்பினால் கசப்பும் முடிவும் சரியாகத் தெரியாது, அதனால்தான் அளவைச் சின்னதாக வைக்கச் சொன்னேன். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். முகரும்போது ஒளிந்திருந்த மிளகு பலமுறை இந்த இடத்தில்தான் வெளியே வரும்.

இப்போது மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். சேசோன் ஒப்பீட்டில் நான் அதிகம் நம்புவது இந்தப் பத்து எண்ணிக்கையைத்தான். இனிப்பு எந்த எண்ணில் மறைந்தது? மூன்றுக்குள் போய்விட்டால் நல்ல வறட்சி. ஏழு வரை உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் சர்க்கரை மிஞ்சியிருக்கிறது. கசப்பு எப்போது தலைகாட்டியது, எவ்வளவு நேரம் நின்றது? பத்து எண்ணி முடித்ததும் அடுத்த மடக்கை கை தானாகத் தேடுகிறதா? கடைசிக் கேள்விக்கு அறிவியல் மதிப்பு இல்லை, ஆனால் வயல்வேலைக்காரர்களின் தாகத்துக்கு என்று பெயர் வாங்கிய பீருக்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

வறட்சியை மதிப்பிடும்போது மூன்று விஷயங்கள் நாக்கை ஏமாற்றும். ஒன்று குமிழி: கார்பன் டை ஆக்சைடு நாக்கை லேசாகக் கடிக்கும், அந்தக் கடியை வறட்சி என்று எண்ணிவிடுவோம். இரண்டு கசப்பு: ஹாப்ஸ் கூடினால் இனிப்பு மறைந்து பீர் உண்மையில் இருப்பதைவிட வறண்டதாகத் தோன்றும், டேங்க் 7 விஷயத்தில் நான் இப்படி ஏமாந்திருக்கிறேன். மூன்று பழவாசம்: சர்க்கரையே இல்லாத பீர்கூட வாழைப்பழ வாசம் வீசினால் இனிக்கிற மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு விழுங்குங்கள். வாசம் போய்விடும், இனிப்பு நிஜமென்றால் நாக்கில் நிற்கும்.

8% தாண்டியவற்றில் ஆல்கஹாலையும் பாருங்கள். தொண்டையில் இதமான வெதுவெதுப்பு சரி. எரிச்சல் என்றால் நொதித்தலில் சூடு கைமீறியிருக்கலாம்.

பிறகு காத்திருங்கள். 15 நிமிடம் கழித்து அதே பீரை மறுபடி. சூடேறச் சூடேற எஸ்டர் விரியும், குமிழி தணியும், குறைகளும் வெளிவரும். முதல் சுற்றில் கடைசி இடத்தில் இருந்த ப்ளோஜீயின் ஸ்பெல்ட் பீர் எனக்கு இரண்டாம் சுற்றில் மேலே ஏறியது ஒரு தடவை இல்லை.

ஒப்பிடுவது

மதிப்பெண் போடுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரு தாளில் எட்டு கோடுகள்: வறட்சி, கசப்பு, குமிழி, ஃபீனால், எஸ்டர், ப்ரெட், புளிப்பு, ஆல்கஹால் சூடு. ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் உங்கள் அளவுகோல் பீரை வையுங்கள். மற்றவற்றுக்கு அதைவிடக் கூடவா குறைவா, எவ்வளவு என்று மட்டும் புள்ளி. 10-க்கு 7 என்று எழுதினால் அடுத்த மாதம் அதற்கு அர்த்தம் இருக்காது, டூப்போனைவிட மிளகு குறைவு, எலுமிச்சை அதிகம், வறட்சி சமம் என்று எழுதினால் அடுத்த வருடமும் இருக்கும்.

லேபிளைப் பார்த்துக்கொண்டு ருசித்தால் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கண்டுபிடிப்பீர்கள். முதல் சுற்று பார்த்து, இரண்டாம் சுற்று பார்க்காமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அடுத்த அறையில் ஊற்றி, கண்ணாடியின் அடியில் எண் ஒட்டிக் கொண்டுவரட்டும். யாருக்கும் தெரியாமல் ஒரு பீரை இரண்டு முறை வைத்தால் இன்னும் நல்லது, ஒரே பீருக்கு இரண்டு விதமான கவிதை எழுதியிருப்பீர்கள், அகங்காரத்துக்கு நல்ல மருந்து.

இரண்டு பீருக்குள் உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா என்று சந்தேகம் வந்தால் முக்கோணச் சோதனை. மூன்று கண்ணாடி, இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், எது நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். குருட்டாம்போக்கில் அடித்தால் மூன்றில் ஒரு வாய்ப்பு. ஒரு தடவை சரியாகச் சொன்னால் அதில் ஒன்றுமில்லை. 6 தடவையில் 5 தடவை சரி என்றால், வெறும் ஊகத்தில் அப்படி அமைய 2 சதவீதம்கூட வாய்ப்பில்லை. நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்றால் விளக்கைக் குறையுங்கள். டூப்போனையும் அதன் டிரை ஹாப்பிங் பதிப்பையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள், நினைப்பதைவிடக் கஷ்டம், அதுவும் ஹாப்ஸ் பதிப்பு ஒரு வருடம் பழையதாக இருந்தால்.

மேசையில் பேச்சை எல்லோரும் எழுதி முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாழைப்பழம் என்று சொல்லிவிட்டால் அந்த மேசையில் உள்ள எல்லா மூக்குக்கும் வாழைப்பழம்தான்.

குறையா குணமா

சேசோனில் இது நிஜமாகவே சிக்கல், வேறு வகையில் குறை என்று கழித்துவிடுகிற பலவும் இங்கே ஆலைக்காரர் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். சில விஷயங்களில் மட்டும் தயங்க வேண்டாம். வெண்ணெய் வாசம், வேகவைத்த சோளம், நனைந்த அட்டை, இவை குறைதான். காடி மாதிரி மூக்கைக் குத்தும் புளிப்பும் குறைதான். மென்மையான எலுமிச்சைப் புளிப்பு வேறு, அது லாக்டிக் அமிலம், சில ஆலைகள் விரும்பிச் சேர்ப்பது.

ஒளி பட்ட வாசம் தனிக்கதை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் உடைந்து கந்தகத்தோடு சேர்ந்தால் ஒருவித எரிந்த ரப்பர் நெடி வரும், மிக மிக நுண்ணிய அளவே போதும் மூக்குக்குத் தெரிய. பழுப்பு பாட்டில் வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது. டூப்போன் பச்சை பாட்டிலிலும் வந்திருப்பதால் பலருக்கு அந்த நெடியும் பெல்ஜியம் சேசோனின் ஒரு அங்கம் என்றே பதிந்துபோயிருக்கிறது. சோதித்துப் பாருங்கள்: ஏதாவது வெளிர் பீரை இரண்டு கண்ணாடியில் ஊற்றி, ஒன்றை 15 நிமிடம் நல்ல வெயிலில் வையுங்கள், மற்றதை அலமாரிக்குள் வையுங்கள். பிறகு இரண்டையும் முகருங்கள். கடையில் வாங்கும்போது குழல்விளக்குக்கு நேர் எதிரே நிற்கும் பாட்டிலை விட்டு, பெட்டிக்குள் இருப்பதைக் கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

மறுநாள் காலை

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு வாய் பீர் மிச்சம் வையுங்கள், மூடி குளிர்சாதனப் பெட்டியில் போட்டுவிடுங்கள். மறுநாள் கண்ணாடியில் ஊற்றிக் கரண்டியால் நன்றாகக் கலக்கி, இருக்கும் குமிழியையும் விரட்டிவிடுங்கள். ஆறிப்போன, செத்துப்போன பீர், ருசியாக இருக்காது, அது தெரிந்ததுதான். ஆனால் முந்தைய இரவு குமிழி மூடிமறைத்த இனிப்பெல்லாம் இப்போது வெளியே நிற்கும். ஒரு மடக்கு எடுத்துப் பத்து வரை எண்ணுங்கள், முதல்நாள் வறட்சிக் கோட்டில் வைத்த புள்ளிகளைத் திருத்துங்கள். என் தாள்களில் அந்தக் கோட்டில் மட்டும் எப்போதும் இரண்டு நிற மை இருக்கும். டூப்போனின் புள்ளி அநேகமாக நகராது. டேங்க் 7-இன் புள்ளியை ஒவ்வொரு முறையும் இனிப்புப் பக்கம் தள்ளவேண்டி வருகிறது.